3,000 வாட்ஸ்னா நாலு ஹெச்.பி. மோட்டாருங்க!

"ஏனுங்ணா, பெட்டியில 3,000 வாட்ஸ்னு போட்டிருக்குதுங்களே... நெசந்தானுங்களா?"

"தம்பி, உங்க தோட்டத்துல எத்தனை ஹெச்.பி. மோட்டார் ஓடுதுங்க?"

"அஞ்சுங்ணா."

"அதுல நாலு ஹெச்.பி. இந்த டப்பாக்குள்ள இருக்குதாமா. தூக்கிப் பாருங்க!"

அன்னூர்ப் பக்கம் ரேடியோ, டிவி மெக்கானிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த ரகப் பேச்சு காதில் விழும். கிண்டல்தான். ஆனால், கணக்கு சரி. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ். 3,000 வாட்ஸை 746-ஆல் வகுத்தால் நாலு ஹெச்.பி. வந்துவிடும். கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே தள்ளுகிற அத்தனை சக்தி, ஒற்றைக் கையில் தூக்கும் தகரப் பெட்டிக்குள் இருக்கிறதாம். அதுவும் எந்த பிளக்கில் மாட்டினால்? வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில். 230 வோல்ட்டை 6-ஆல் பெருக்கினால் 1,380 வாட்ஸ். அந்த பிளக்கிலிருந்து எடுக்க முடிவதே அவ்வளவுதான். ஒரு லிட்டர் கறந்துவிட்டு ரெண்டு லிட்டர் சொசைட்டியில் ஊற்றுகிற கதை!

வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கும் ஆசை மறுபடி துளிர்த்திருக்கிறது. போனில் இருக்கும் பாட்டை ப்ளூடூத்தில் அனுப்பி, இரண்டு நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்கான பெட்டியைத்தான் 'இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர்' என்கிறார்கள். வால்யூம், பாஸ், ட்ரெபிள் பார்த்துக்கொள்ளும் ப்ரீ ஆம்ப்பும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். உள்ளூரில் அசெம்பிள் செய்த செட் சில ஆயிரங்களில் கிடைக்கிறது. பெயர் பெற்ற கம்பெனி செட்டும் ஜோடி ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஒரு கறவை மாட்டின் விலை. தப்பாக வாங்கினால் அந்தக் காசு மட்டும் போகாது; அப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய ஸ்பீக்கரும் சேர்ந்து புகையும்.

இதில் பரிதாபம் என்னவென்றால், மோட்டார் விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரரை ஏமாற்ற முடியாது. பம்ப் ஊரான கோவை பக்கத்திலேயே இருக்கிறது. நேம் பிளேட்டில் ஹெச்.பி. எவ்வளவு, எத்தனை ஆம்பியர் இழுக்கும், எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளும், காப்பர் வைண்டிங்கா, அலுமினியமா என்று குடைந்து எடுத்துவிடுவார். அதே ஆள் ஆம்ப்ளிஃபையர் கடையில் மட்டும், முன்பக்கம் ஒளிரும் நீல விளக்கைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்.

சரி, அந்த 3,000 எங்கிருந்து வருகிறது? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். 'பீக் மியூசிக் பவர் அவுட்புட்'டாம். இதை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு முறை கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தில் வரக்கூடிய உச்சம், அதை எத்தனை ஸ்பீக்கரோ அத்தனையால் பெருக்கு, தைரியத்துக்கு ஏற்ப இன்னும் ஒரு பூஜ்யம் சேர்... இப்படித்தான் வளர்கிறது அந்த எண். நாம் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்று குறிப்பிடப்படும் தொடர் பவரை. நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓடினாலும் தரக்கூடியது அது.

ஆர்.எம்.எஸ். என்றும் பொய்யாக அச்சடிக்கலாமே என்று கேட்பீர்கள். அச்சடிக்கிறார்கள். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் '4440 போர்டு' என்பார்கள். சான்யோ கம்பெனியின் எல்.ஏ.4440 என்ற ஐ.சி. அது. ஆட்டோவிலிருந்து டீக்கடை வரை பாட வைத்த புண்ணியவான். அதன் தொழில்நுட்பக் குறிப்பில் சான்யோ எழுதியது, இரண்டு சேனலாக வைத்தால் சேனலுக்கு 6 வாட்ஸ். இரண்டையும் சேர்த்து ஒன்றாக ஓட்டினால் 19 வாட்ஸ். அதே ஐ.சி. உட்கார்ந்திருக்கும் பெட்டியின் மேல் எத்தனை நூறு வாட்ஸ் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது இதுதான். 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண சர்க்யூட், 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு நாலரை வாட்ஸுக்கு மேல் தர வழியில்லை. பிரிட்ஜ் செய்தால் 18. இது ஓம் விதி. கம்பெனிக்குக் கம்பெனி மாறாது.

இப்போது ஆன்லைனில் மலிவாக வரும் உள்ளங்கை அளவு 'கிளாஸ் டி' பெட்டிகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ.3116 என்ற சிப். 21 வோல்ட், 4 ஓம்ஸில் சேனலுக்கு 50 வாட்ஸ் என்பது அதைத் தயாரித்தவர்களே சொல்வது. பெட்டியிலோ 100+100 என்று இருக்கும். கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட், 4.5 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பார்க்க 108 வாட்ஸ். ஆக, மொத்தமாக உள்ளே போவதே 108. இரண்டு சேனலிலும் விடாமல் 100 வாட்ஸ் வேண்டுமென்றால் மீதி எங்கிருந்து வரும்? அடாப்டரைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று அங்கேயே அம்பலம்.

ஆனால், ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இந்தக் குட்டிப் பெட்டிகள் மோசமானவை அல்ல. வாங்கும் கரன்ட்டில் பெரும்பகுதியைப் பாட்டாக மாற்றுகின்றன, சூடாவதில்லை. 100 என்ற எண்தான் பொய். 30, 40 வாட்ஸ் பெட்டி என்று நினைத்து வாங்கினால் கொடுத்த காசுக்கு நிறைவாகவே பாடும். மெக்கானிக் சொன்ன 'தூக்கிப் பாருங்க' சோதனையும் பாதிதான் சரி. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி செட்டுக்குக் கனம் நல்ல அறிகுறி. கிளாஸ் டி செட் கனமில்லாமல்தான் இருக்கும்.

இந்த வாட்ஸ் வியாதி நம் ஊரில் மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவிலேயே 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஆளாளுக்கு ஒரு எண்ணை அடித்துவிட, அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 1974-ல் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபையர் விளம்பரத்தில் வாட்ஸ் சொன்னால், அது தொடர்ச்சியாகத் தரும் பவராக இருக்க வேண்டும். எத்தனை ஓம்ஸில், எந்த அலைவரிசை வரம்பில், எவ்வளவு பிசிறோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து, 2024-ல் அந்த விதியை மறுபடி இறுக்கினார்கள். 8 ஓம்ஸ், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், பிசிறு 1 சதவிகிதத்துக்குள். எல்லோருக்கும் ஒரே தராசு.

அந்த வாட்ஸ் சண்டைக்கு நடுவில்தான் எதிர்த்திசையில் ஒரு பெட்டி வந்தது. 1978. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று இன்றும் குறிப்பிடப்படும் இளையராஜாவின் 'ப்ரியா' வெளியானதும் அதே வருடம்தான். லண்டனில் தொடங்கிய 'நாட்' என்ற கம்பெனி, 3020 என்ற இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையரை விற்பனைக்கு விட்டது. எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வேக்காரரின் வடிவமைப்பு. சேனலுக்கு 20 வாட்ஸ் என்று போட்டிருந்தார்கள். பார்க்க ஒன்றும் அழகில்லை. சாம்பல் நிறத்தில், பள்ளிக்கூட லேப் கருவி மாதிரி இருக்கும்.

ஆனால், பாட்டில் திடீரென்று ஒரு மிருதங்க அடி வரும்போது அந்த ஒரு கணத்துக்கு 40 வாட்ஸ் வரை கொடுத்தது. ஸ்பீக்கரின் ஓம்ஸ் கீழே இறங்கினாலும் திணறவில்லை. அளவு மீறி சத்தம் வைத்தால் பாட்டு கரகரவென்று உடையாமல் மெதுவாக மழுங்கும்படி ஒரு ஸ்விட்ச்சும் வைத்திருந்தார்கள். எண்ணில் பெரிதாக இருந்த செட்டுகளை இந்த 20 வாட்ஸ் மிஞ்சியது என்ற பேச்சு பரவியது. லட்சக்கணக்கில் விற்றது. 45 வருடங்கள் தாண்டியும் 'மலிவாக ஒரு நல்ல செட்' என்ற பேச்சு எழுந்தால் அந்தப் பெயர் வந்துவிடுகிறது. பெட்டியில் குறைத்து எழுதி, வீட்டில் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய பெயர்.

நல்ல கம்பெனிகளும் எண் விளையாட்டு ஆடாமல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டெனான் பி.எம்.ஏ.-600 என்.ஈ. மாடலுக்கு 70 வாட்ஸ் என்று முன்னால் போடுகிறார்கள். மராண்ட்ஸ் பி.எம்.6007-க்கு 45 வாட்ஸ். 70 பெரிதா, 45 பெரிதா? கீழே படித்தால், டெனானின் 70 என்பது 4 ஓம்ஸில். 8 ஓம்ஸில் அதுவும் 45-தான்! பொய் இல்லை, இரண்டும் உண்மை. ஒருவர் நாலு முழ வேட்டியை முழத்தில் சொல்கிறார், இன்னொருவர் மீட்டரில் சொல்கிறார். ஓம்ஸ் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் வாட்ஸை ஒப்பிடவே கூடாது.

அடுத்த கேள்வி, வீட்டுக்கு எவ்வளவு வாட்ஸ் வேண்டும்? நம்ப மாட்டீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு ரூமில், பேச்சுக்குரலை அமுக்காத சத்தத்தில் கேட்கும்போது சராசரியாக ஓடுவது ஒரு வாட்ஸ் அளவுதான். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்ஸிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். 40 வாட்ஸை 80 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல் மட்டும் கூடும், கொஞ்சம் கூடிய மாதிரி இருக்கும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 40-க்கும் 50-க்கும் நடுவே ஐந்தாயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால், அந்த ஐந்தாயிரத்தை ஸ்பீக்கரில் போடுவது புத்திசாலித்தனம். பானைக்குள் ஸ்பீக்கரைக் கவிழ்த்து பாஸ் வரவைத்த தலைமுறைக்கு இது சொல்லாமலேயே தெரியும்!

சரி, பெயர்? 'இது வார்ம்', 'அது பிரைட்' என்று யூடியூப்பில் கொட்டிக் கிடக்கும் தீர்ப்புகளை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை 1987 ஜனவரி இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. சுமார் 200 டாலர் செட்டிலிருந்து 12,000 டாலர் வரையிலான ஆம்ப்ளிஃபையர்களை, எது ஓடுகிறது என்று சொல்லாமல், சத்தத்தை ஒரே அளவில் வைத்துக் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களின் பதில்கள் காசைச் சுண்டிப் போட்டு ஊகிப்பதைவிட மேலாக வரவில்லை. எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒன்றே என்று இதற்கு அர்த்தமில்லை. திணறும் அளவுக்கு முடுக்கினாலோ, கடினமான ஸ்பீக்கரைக் கொடுத்தாலோ வித்தியாசம் பல்லைக் காட்டும். ஆனால், அளவோடு கேட்கும்போது நாம் கேட்கிற 'வித்தியாசத்தில்' பாதி, விலைச்சீட்டின் வித்தியாசம்.

கடைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன வித்தையும் உண்டு. இரண்டு செட்டில் எதை விற்க வேண்டுமோ அதன் வால்யூமை ஒரு துளி கூட்டி வைத்தால் போதும், கேட்பவர் 'இதுதான் தெளிவா இருக்குதுங்க' என்று அதையே எடுப்பார். காது அப்படி. அதனால் வால்யூமை நீங்களே திருப்புங்கள். கடையில் போடும் 'டெமோ' பாட்டை விட்டுவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை உங்கள் போனிலிருந்து போடுங்கள். எந்தப் பக்கம் வயலின், எந்தப் பக்கம் கிட்டார் என்று தெரிந்த பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது. வால்யூமை நன்றாகக் குறைத்தும் கேளுங்கள். மலிவான கன்ட்ரோலில், சத்தம் குறையும்போது ஒரு பக்கம் மட்டும் தனியாகத் தேய்ந்து மறையும்.

ஊர்ப்பக்கத்தில் பெயர் என்று வந்தால் அகுஜாவை விட்டுவிட முடியாது. 1940-ல் தொடங்கிய டெல்லி கம்பெனி. கோயில் நோம்பி, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் என்று மைக்செட் இருக்கும் இடமெல்லாம் அந்தப் பெயர் இருக்கும். வெயிலில், புழுதியில், ஜெனரேட்டரில் ராத்திரி முழுக்க ஓடி வாங்கிய நம்பிக்கை. அதை நம்பி 'வீட்டுக்கும் அதே கம்பெனி மைக்செட் ஆம்ப் வாங்கிடலாம்' என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு வேலைக்குச் செய்த பெட்டி. பெரும்பாலும் ஒற்றைச் சேனல். நீளமான ஒயரில் பல குழாய் ஸ்பீக்கர்களை ஓட்ட, 100 வோல்ட் லைன் கொடுப்பது. இடம், வலம் பிரிந்து கேட்கும் சுகத்துக்கு அது ஆகாது. டிராக்டர் நல்ல கம்பெனி என்பதற்காக அதில் பொண்ணு பார்க்கப் போக முடியுமா?

வெளிநாட்டு விமர்சனங்களில் வராத இன்னொரு சங்கதி, நம் கரன்ட். சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் வோல்டேஜ் 10 சதவிகிதம் இறங்கினால், தரக்கூடிய உச்ச பவர் கிட்டத்தட்ட 19 சதவிகிதம் குறையும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்ட எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர் இதைத் தாங்கிவிடும். ஆனால், லைனில் நியூட்ரல் போய் 400 வோல்ட் பக்கம் ஏறும் நாளில் முதலில் செத்துப்போவதும் அதுதான். எது வாங்கினாலும் இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றும் பழக்கம் வேண்டும். 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் விடாமல் வந்தால் செட்டைக் குறை சொல்லும் முன் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள்.

அசெம்பிள் செட்டை இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் காப்பர் வைண்டிங்தானா, எத்தனை ஆம்பியர் என்று கேட்டு, உள்ளே திறந்து காட்டச் சொன்னால் மறுக்காத ஆளிடம் வாங்கலாம். கெட்டுப்போனால் பஸ் ஏறாமல் சரி செய்துகொள்ளலாம். இந்த வசதியை எந்த ஜப்பான் கம்பெனியும் தராது. மாறாக, வெளிநாட்டிலிருந்து தனி வழியில் வந்த பெட்டியை 'பாதி விலை' என்று எடுத்தால், உள்ளே ஒரு ஐ.சி. போனாலும் அதைக் கொண்டுபோய்க் காட்ட இடம் இருக்காது. விலையில் சர்வீஸும் சேர்த்தி. கோவையில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் உண்டா, இல்லை கூரியரில் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

பழைய செட் என்றால்? கொல்கத்தாவில் 1970-ல் பிறந்த சோனோடைன் போன்ற நம் நாட்டு செட்டுகள் இன்னும் பரண்களில் தூங்குகின்றன. விலை பேசும் முன் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கக் கூடாது. வால்யூமைத் திருப்பினால் வரும் கரகரப்பு பெரிய நோய் அல்ல, கிளீனர் அடித்தால் போகும். முக்கியமானது, ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் பாட்டு இல்லாதபோது மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பார்ப்பது. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால், அதில் மாட்டும் ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும். கார் ஸ்பீக்கரை வீட்டில் மாட்டுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் 4 ஓம்ஸ். இரண்டை ஒரே முனையில் இணைத்தால் 2 ஓம்ஸ் ஆகிவிடும். எல்லா செட்டும் அதைத் தாங்காது.

அடாப்டரோடு வரும் செட்டாக இருந்தால், அடாப்டர் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அடித்தால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். வேறு யாரோ பெயர் வந்தால் செட்டைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

வாங்கிய பிறகுதான் ஏமாந்தது தெரிகிறதா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. பில் கட்டாயம் வேண்டும். செட்டைப் பிரித்த கையோடு அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். '3,000 வாட்ஸ்' என்று அச்சடித்திருப்பது அதில்தான்.